பழைய மெட்டு, சொந்த வரிகள், மின்சாரக் கிட்டார்: பாப் டிலனுக்கு ஓர் எளிய அறிமுகம்

‘ஃபோக் ராக்’ என்ற பெயரையும் ‘பாடகர்–பாடலாசிரியர்’ என்ற பெயரையும் இணையத்தில் அடிக்கடி பார்க்கும் நம் இளைஞர்களில் பலர், கிட்டாரும் கையுமாக நின்று பாடும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வழங்கும் பொதுப்பெயர்கள் இவை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் இந்த இரண்டு பெயர்களுக்கும் பின்னால் ஒரே கேள்விதான் இருக்கிறது. ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம்? ஊரார் எல்லோரும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த மெட்டில் ஒருவர் தம் வரிகளைப் போட்டு, தம் பெயரைப் பொறித்து, மின்சாரக் கருவிகளின் முழக்கத்தோடு வெளியிட்டால், அது இன்னும் ஊர்ப்பாட்டுத்தானா? அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்கு நடுவிலேயே வாழ்ந்து பாடிவரும் பாப் டிலனின் வாழ்க்கையை வைத்து இதை விளக்க முயல்கிறேன். இராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்களுக்காக எழுதுவதால், நமக்குப் பழக்கமான பாட்டுகளைத் தேவையான இடங்களில் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

முதலில் ‘ஃபோக்’ எனப்படும் நாட்டுப்புறப் பாட்டு. கரைவலை இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க அதிகச் சொற்கள் தேவைப்படாது. வள்ளத்தில் போய் வலையைக் கடலில் வளைத்து விட்டுவிட்டு, கயிற்றின் இரு முனைகளையும் கரைக்குக் கொண்டுவந்த பிறகு, ஆட்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நின்று இழுப்பார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்றோ ‘ஐலசா’ என்றோ வாங்கிப் பாடுவார்கள். வாங்கிப் பாடும் அந்தச் சொல்லின் அழுத்தத்தில்தான் எல்லோருடைய இழுப்பும் ஒன்றாக விழும். முன்பாட்டுக்காரர் அடுத்த அடியைச் சொல்லும் நேரம், இழுப்பவர்கள் காலை மணலில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கும் நேரம். அம்பா என்று நம் பக்கம் சொல்லும் இந்தப் பாட்டை இயற்றியவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. மெட்டு நிலையானது, வரிகள் அப்படியல்ல. கடல் தாயும் வேளாங்கண்ணி மாதாவும் இருக்கும் அதே பாட்டில், அன்றைக்குக் கரைக்கு வந்திருக்கும் வியாபாரியும், மீன் விலையும், வேலைக்குப் பிந்தி வந்தவனும் இடம்பிடித்துவிடுவார்கள். எஞ்சின் படகுகள் பெருகிய பிறகு துடுப்பு வலிக்கும் தேவையே குறைந்துபோய், அம்பாவைப் பாடத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள் என்பது வேறு வருத்தம். இங்கே நாம் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றுதான்: நாட்டுப்புறப் பாட்டில் மெட்டு பொதுச்சொத்து, வரிகள் பாடுகிறவரின் பொறுப்பு, பெயர் யாருக்கும் இல்லை.

அமெரிக்காவிலும் இத்தகைய பாட்டுகள் ஏராளமாக இருந்தன. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் தம்மோடு கொண்டுவந்த கதைப்பாட்டுகள் அப்பலேச்சிய மலைப்பகுதிகளில் தங்கிவிட்டன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள், வயலில் பாடிய வேலைப்பாட்டுகளையும், தேவாலயப் பாட்டுகளையும், பின்னர் புளூஸ் என்ற துயர இசையையும் உருவாக்கினார்கள். 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் இவற்றைப் பதிவுசெய்து விற்றன. அந்தப் பழைய தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஹாரி ஸ்மித் என்பவர் 1952-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டபோது, மலையையும் பருத்தி வயலையும் பார்த்தே இராத நகரத்து மாணவர்கள் அதைத் தேடிப்பிடித்துக் கேட்டு, வரிவரியாகப் பாடம் செய்தார்கள். தொழிற்சங்கக் கூட்டங்களிலும் கல்லூரிகளிலும் காபிக் கடைகளிலும் இந்தப் பாட்டுகளைப் பாடுவது அவர்களுக்கு ஓர் அரசியல் நிலைப்பாடாகவே ஆயிற்று. பணத்துக்காகப் பாடும் பாட்டு ஒரு பக்கம், மக்களின் பாட்டு மறுபக்கம் என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். பின்னால் வெடித்த சண்டைக்கு விதை இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

இனி, பாடகர்–பாடலாசிரியர். சினிமாப் பாட்டில் ஊறிய நம் காதுக்கு இது சற்றுப் புதிது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையினர், பாட்டுக்கு முன்னால் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், பாட்டு எழுதியவர் என்று அறிவிப்பாளர்கள் வரிசையாகச் சொல்லக் கேட்டிருப்பார்கள். எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் இன்னொருவர், பாடியவர் வேறொருவர் என்பதே நமக்கு இயல்பு. இராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் இ. எம். ஹனிபாவின் கம்பீரக் குரல் கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் இன்றும் ஒலிக்கிறது; ஆனால் அவர் பாடிய வரிகள் பெரும்பாலும் வேறு கவிஞர்கள் எழுதியவை. இந்த மூன்று வேலைகளையும் ஒருவரே செய்து, தம் வாழ்வையும் தம் பார்வையையும் தம் வாயாலேயே பாடினால் அவரைப் பாடகர்–பாடலாசிரியர் என்கிறார்கள். குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயமில்லை. எழுதியவரே பாடுகிறார் என்பதால் வரிக்கும் குரலுக்கும் இடையில் ஆள் மாறுவதில்லை என்பதுதான் அதன் பலம்.

இதற்கான முன்மாதிரி நம் மண்ணில் இல்லாமல் இல்லை. தாயுமானவர் அடங்கியிருப்பது இராமநாதபுரத்தில். ஒவ்வொரு இரண்டடியும் ‘பராபரமே’ என்று முடியும் அவருடைய பராபரக்கண்ணி எல்லோரும் அறிந்தது. அவருக்குப் பின்னால் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, சென்னையில் 1838-இல் மறைந்த சூஃபி ஞானி மஸ்தான் சாகிபு, அதே பெயரில், அதே கண்ணி வடிவில், அதே விளிச்சொல்லோடு தம் பராபரக்கண்ணியைப் பாடினார். ஒரு சைவர் வகுத்த பாதையில் ஓர் இஸ்லாமிய ஞானி நடந்ததை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. வடிவம் பொது, அனுபவம் தனி என்று நம் முன்னோர்கள் தெளிவாகவே அறிந்திருந்தார்கள். டிலனைப் புரிந்துகொள்ள இந்த அறிவு மிகவும் உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.

ராபர்ட் ஆலன் சிம்மர்மன் என்ற இயற்பெயர் கொண்ட டிலன், 1941 மே 24 அன்று மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் பிறந்து, ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊரில் யூதக் குடும்பத்தில் வளர்ந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் அடித்து முழக்கியது ராக் அண்ட் ரோல் இசை. அன்று அவருடைய நாயகன் லிட்டில் ரிச்சர்ட். 1959-இல் மினியாபொலிசில் கல்லூரிக்குப் போன பிறகுதான் அவர் நாட்டுப்புறப் பாட்டின் பக்கம் திரும்பினார். இந்த வரிசையை மறந்துவிடக் கூடாது. ஊர்ப்பாட்டை விட்டு ராக் இசைக்கு ஓடிப்போனான் என்று பின்னால் அவரைப் பழித்தவர்கள், அவர் ராக் இசையிலிருந்து வந்தவர் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு 1961 ஜனவரியில் அவர் நியூயார்க் சென்றதற்கு ஒரு காரணம் வுடி கத்ரி. 1912-இல் ஓக்லஹோமாவில் பிறந்த கத்ரி, புழுதிப் புயலாலும் பஞ்சத்தாலும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த உழவர்களின் பாட்டைப் பாடியவர். பழைய மெட்டுகளை எடுத்து, அன்றைய செய்தியை அதில் ஏற்றிப் பாடுவது அவருடைய வழக்கம். டிலன் அவரைத் தேடிச் சென்றபோது, நரம்புகளைச் சிறிது சிறிதாக அழிக்கும் ஹண்டிங்டன் நோயால் பாட முடியாத நிலையில் அவர் நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். பத்தொன்பது வயதுப் பையன் அவருக்கு முன்னால் அமர்ந்து, அவருடைய பாட்டுகளையே அவருக்குப் பாடிக் காட்டினான். பிறகு அவரைப் பற்றி ஒரு பாட்டு எழுதினான்; அதற்கு எடுத்துக்கொண்ட மெட்டும் கத்ரி பாடிய ஒரு பாட்டின் மெட்டுத்தான். குருவின் மெட்டிலேயே குருவுக்கு வணக்கம் செலுத்திய அந்தப் பாட்டு, 1962 மார்ச்சில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட டிலனின் முதல் தொகுப்பில் இடம்பெற்றது. அந்தத் தொகுப்பில் இருந்த 13 பாட்டுகளில் அவர் சொந்தமாக எழுதியவை இரண்டே இரண்டு. அடுத்த ஆண்டு மே மாதம் வந்த இரண்டாம் தொகுப்பிலோ ஏறக்குறைய எல்லாமே அவர் எழுதியவை. இடைப்பட்ட ஓராண்டில் நடந்தது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நின்று பேச விரும்பும் இடம்.

நடந்தது இதுதான். அவர் மெட்டுகளைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, காதில் விழுந்த பழைய மெட்டுகளுக்குள் குடியேறினார். அவருடைய பாட்டுகளிலேயே மிகவும் புகழ்பெற்ற ‘புளோயிங் இன் தி விண்ட்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் ‘இனி எனக்கு ஏலமேடை இல்லை’ என்ற பொருளில் பாடிய ஒரு பழைய கறுப்பினப் பாட்டு உண்டு. அதன் மெட்டிலிருந்து தம் பாட்டு வந்தது என்பதை டிலன் பின்னாளில் வெளிப்படையாகவே கூறினார். பழைய பாட்டில் விடுதலை பெற்றவர் உறுதியாகச் சொல்கிறார். டிலனின் பாட்டில் அந்த உறுதி கேள்வியாக மாறுகிறது. ஒவ்வொரு சரணத்திலும் மூன்று கேள்விகள், கடைசியில் எல்லாச் சரணங்களுக்கும் பொதுவான ஒரே விடை. அந்த விடையும் முழு விடை அல்ல. நம் அம்பாவில் முன்பாட்டுக்காரரின் அடி மாறிக்கொண்டே இருக்க, வாங்கிப் பாடும் சொல் மாறாமல் இருப்பது போன்ற அமைப்பு இது. ஒருமுறை கேட்டவர் இரண்டாம் சரணத்தின் முடிவில் தாமும் சேர்ந்து பாடிவிடுவார். கூட்டங்களில் இந்தப் பாட்டு தீயாய்ப் பரவியதற்கு அதன் கருத்து எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இந்த அமைப்பும். பீட்டர், பால் அண்ட் மேரி என்ற மூவர் குழு 1963 கோடையில் இதைப் பாடி நாடெங்கும் கொண்டுசேர்த்தது.

இன்னொரு பாட்டில், நஞ்சுண்டு சாகப்போகும் மகனைத் தாய் ‘எங்கே போயிருந்தாய், என்ன உண்டாய்’ என்று கேட்கும் ஸ்காட்லாந்துப் பழங்கதைப்பாட்டின் கேள்வி–பதில் கூட்டை எடுத்து, அணுப்போர் அச்சத்தில் நடுங்கிய ஒரு தலைமுறையின் காட்சிகளை அதில் நிரப்பினார். 1962-இன் இறுதியில் இலண்டனுக்குச் சென்றிருந்தபோது, மார்ட்டின் கார்த்தி என்ற இங்கிலாந்துப் பாடகரிடமிருந்து பழைய ஆங்கில மெட்டுகளைக் கற்றுவந்து, அவற்றிலும் புதுப்பாட்டு எழுதினார். இதில் எல்லாமே நிறைவாக நடந்துவிடவில்லை. போர் வணிகர்களைச் சாடி அவர் எழுதிய ஒரு பாட்டின் மெட்டு, கென்டக்கியைச் சேர்ந்த ஜீன் ரிச்சி என்ற பாடகியின் குடும்பம் தலைமுறைகளாகப் பாதுகாத்துவந்த பாட்டிலிருந்து வந்தது. அந்தக் குடும்பத்தின் பங்கை அங்கீகரிக்க வேண்டும் என்று ரிச்சி கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்ததாகவே நான் கருதுகிறேன். ஊர் வாய்க்கால் தண்ணீரை யாரும் பாய்ச்சலாம். ஆனால் அதைத் தூர்வாரிக் காத்தவர்களின் பெயரைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. பெயரே இல்லாமல் வாழ்ந்த பாட்டு, பெயரும் உரிமைத்தொகையும் உள்ள உலகத்துக்குள் நுழையும்போது இந்த உரசல் தவிர்க்க முடியாதது.

வரிகளின் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. நம்மூர்ச் சந்தைகளிலும் ரயில்களிலும் முன்பு கொலைச்சிந்துகள் விற்றதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஊரை உலுக்கிய ஒரு கொலையைப் பாட்டாகக் கட்டி, சிறு புத்தகமாக அச்சிட்டு, விற்பவரே பாடிக்காட்டுவார். மேலை நாடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. 1963 பிப்ரவரியில் பால்டிமோர் நகர விடுதி ஒன்றில், ஹேட்டி கேரல் என்ற 51 வயதுக் கறுப்பினப் பணிப்பெண்ணைச் செல்வக் குடும்பத்து வெள்ளை இளைஞன் ஒருவன் கைத்தடியால் அடித்தான். அதையடுத்து அவர் உயிரிழந்தார். அவனுக்குக் கிடைத்த தண்டனை ஆறு மாதச் சிறை. டிலன் இதைப் பாட்டாக எழுதியபோது அவர் கையாண்ட முறையைக் கவனிக்க வேண்டும். கொலையைச் சொல்லும் சரணத்தின் முடிவில், ‘இப்போது அழாதீர்கள், அழ வேண்டிய நேரம் இது அல்ல’ என்ற பொருளில் பல்லவி வருகிறது. குற்றவாளியின் செல்வத்தைச் சொல்லும்போதும் அதே பல்லவி. அந்தப் பெண் மேசை துடைத்து, எச்சில் தட்டெடுத்து, ஒருநாளும் அந்த மேசையின் தலைமாட்டில் அமராமல் வாழ்ந்ததைச் சொல்லும்போதும் அதே பல்லவிதான். நீதிமன்றம் வந்து, நீதிபதி சுத்தியலைத் தட்டி, ஆறு மாதம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகே பல்லவி மாறுகிறது: இப்போது அழுங்கள். கொலையை விட அந்தத் தீர்ப்பே பெரிய கொடுமை என்பதை ஒரு விளக்கமும் தராமல், பல்லவியில் சில சொற்களை மட்டும் மாற்றி நம் நெஞ்சில் இறக்கிவிடுகிறார். அப்போது அவருக்கு வயது 22.

அந்தத் தண்டனை அறிவிக்கப்பட்ட 1963 ஆகஸ்ட் 28 அன்றுதான் வாஷிங்டனில் மாபெரும் உரிமைப் பேரணி நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய அதே மேடையில் டிலனும் நாட்டுப்புறப் பாடகி ஜோன் பயஸும் பாடினார்கள். ஒரு தலைமுறையின் குரல் என்று செய்தித்தாள்கள் அவருக்குப் பட்டம் சூட்டின. அந்தப் பட்டத்தை அவர் விரும்பவில்லை. 1964 முதல் அவருடைய பாட்டுகள் போராட்ட மேடையிலிருந்து விலகி, கனவும் காதலும் நகரத்து இரவுகளும் கலந்த வேறு திசையில் சென்றன.

ராக் என்ற பாதியை இப்போது பார்ப்போம். சாதாரணக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மரப்பெட்டி பெரிதாக்குகிறது. மின்சாரக் கிட்டாரில், தந்திகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். உலோகத் தந்தி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறந்து, ஆம்ப்ளிஃபயர் வழியாக ஒலியாகிறது. இதோடு பேஸ் கிட்டாரும் டிரம்சும் சேர்ந்தால், பாடுபவர் தாளத்தைத் தம் விருப்பம்போல் இழுக்கவும் குறைக்கவும் முடியாது. குழுவோடு சேர்ந்து ஓட வேண்டும். தனியாளாகக் கிட்டாரை மீட்டிக்கொண்டு, கழுத்துக் கம்பியில் பொருத்திய மௌத் ஆர்கனை ஊதிக்கொண்டு, வரிக்கு ஏற்பத் தாளத்தை நீட்டிச் சுருக்கிப் பாடிவந்த டிலனுக்கு இது பெரிய மாற்றம். கேட்பவர்களுக்கும்தான்: அதுவரை வரியைக் கேட்டவர்கள் இப்போது உடலால் தாளத்தைக் கேட்டார்கள்.

ஃபோக் ராக் என்ற பெயர் 1965-இல் புழக்கத்துக்கு வந்ததற்குப் பெரிய காரணம் பேர்ட்ஸ் என்ற கலிபோர்னியக் குழு. டிலனின் நான்கு சரணப் பாட்டு ஒன்றிலிருந்து ஒரே ஒரு சரணத்தை மட்டும் எடுத்து, பன்னிரண்டு தந்தி மின்சாரக் கிட்டாரின் மணியோசையும் கூட்டுக்குரலும் சேர்த்து அவர்கள் வெளியிட்டது, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், டாம் வில்சன் என்ற தயாரிப்பாளர், சைமன்–கார்ஃபங்கல் இணை ஓராண்டுக்கு முன் வெறும் கிட்டாரோடு பாடியிருந்த ஒரு பாட்டின் மேல், அவர்களுக்குத் தெரியாமலேயே மின்சாரக் கிட்டாரையும் டிரம்சையும் பதிவுசெய்து ஏற்றினார். விலைபோகாமல் கிடந்த பாட்டு 1966 தொடக்கத்தில் முதலிடத்துக்கு வந்தது. நாட்டுப்புறப் பாணிப் பாட்டும் அதன் மேல் ஏற்றிய ராக் தாளமும் சேர்ந்ததே ஃபோக் ராக் என்பதை இந்தப் பதிவை விடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

டிலன் அதைத் தாமே மேடையில் செய்துகாட்டியது 1965 ஜூலை 25 அன்று, நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில். முந்தைய இரண்டு ஆண்டுகள் அந்த விழாவின் செல்லப்பிள்ளையாக இருந்தவர், இம்முறை மின்சாரக் கிட்டாரோடும் முழுக் குழுவோடும் ஏறினார். மூன்றே பாட்டுகள். கூட்டத்தில் கைதட்டலும் எழுந்தது, கூச்சலும் எழுந்தது. ஒலியமைப்பு மோசமாக இருந்தது, பாடிய நேரம் போதவில்லை, ராக் இசை பிடிக்கவில்லை எனக் கூச்சலுக்குக் காரணம் சொல்பவர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நாட்டுப்புற இயக்கத்தின் மூத்தவரான பீட் சீகர் அன்று கடுங்கோபம் கொண்டார். வரிகள் காதில் விழாதபடி ஒலி சிதைந்திருந்ததே தம் கோபத்துக்குக் காரணம் என்று பின்னாளில் விளக்கினார். அவரை வெறும் பழமைவாதி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வரிக்காகவே வாழும் ஒரு பாட்டு மரபில், வரி கேட்கவில்லை என்பது சிறிய குறை அல்ல.

அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் நிலைமை இன்னும் சூடாயிற்று. நிகழ்ச்சியின் முதல் பாதியில் தனியாகவும், இரண்டாம் பாதியில் ஹாக்ஸ் என்ற குழுவோடு மின்சாரக் கருவிகளுடனும் அவர் பாடிவந்தார். 1966 மே 17 அன்று மான்செஸ்டரில், இரண்டு பாட்டுகளுக்கு இடைப்பட்ட அமைதியில் ஒருவர் ‘யூதாஸ்!’ என்று கத்தினார். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பெரிய வியாழன் வழிபாட்டில் அமர்ந்தவர்களுக்கு, இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடனின் பெயரான அந்த ஒரு சொல்லின் கனம் தெரியும். கோயிலாக நினைத்த இடத்தை முப்பது வெள்ளிக்காசுக்கு விற்றாய் என்பதே அதன் பொருள். ‘உன்னை நான் நம்பவில்லை, நீ பொய்யன்’ என்று பதில் சொல்லிவிட்டு, குழுவினரை இன்னும் உரக்க வாசிக்கச் சொல்லி, ஆறு நிமிடம் ஓடும் தம் புதுப் பாட்டைத் தொடங்கினார். இந்தப் பதிவு 1998-இல் முறையாக வெளிவந்தது, இப்போதும் கேட்கலாம். அந்தப் பாட்டின் முதல் டிரம் அடி விழும் நொடியை நான் எத்தனை முறை கேட்டாலும் உடல் சிலிர்க்கிறது.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம்? மின்சாரம் வந்ததால் மட்டும் ஊர்ப்பாட்டு கெட்டுவிட்டது என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. தனியொருவர் கிட்டாரோடு மேடையில் நிற்க, காசு கொடுத்து வந்தவர்கள் கைகட்டிக் கேட்பது என்ற ஏற்பாடே கூட்டாகப் பாடிய மரபிலிருந்து ஏற்கெனவே வெகுதூரம் விலகி வந்தது. ஒரு ஆம்ப்ளிஃபயர் சேர்ந்ததால் அந்தத் தூரம் பெரிதாகக் கூடிவிடவில்லை. ஆனால் சந்தை பெரிதாகும்போது பாட்டு யாருக்காகப் பாடப்படுகிறது என்பது மாறும் என்ற அவர்களுடைய அச்சம் பொய்யான அச்சம் அல்ல.

1966 ஜூலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் காயமடைந்த டிலன், அதைக் காரணமாக வைத்துச் சுற்றுப்பயணங்களை விட்டு ஒதுங்கினார். வுட்ஸ்டாக் பகுதியில் அதே குழுவினரோடு அமர்ந்து பழைய நாட்டுப்புறப் பாட்டுகளையும் புதியவற்றையும் வெளியிடும் எண்ணமின்றிப் பாடிப் பதிவுசெய்தார். வங்காளத்திலிருந்து வந்திருந்த பூர்ணதாஸ், லட்சுமணதாஸ் என்ற பாவுல் (வங்காளத்து நாடோடி ஞானப்பாட்டு மரபு) பாடகர் சகோதரர்கள் அவரோடு நிற்கும் படம் 1967 இறுதியில் வந்த தொகுப்பின் அட்டையில் இருக்கிறது. சிதார் கலைஞர் ரவிசங்கரும் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக 1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க்கில் நடத்திய நிகழ்ச்சியில் தோன்றிப் பாடினார். முழுச் சுற்றுப்பயணத்துக்குத் திரும்பியது 1974-இல். மணவாழ்வு முறிந்துகொண்டிருந்த காலத்தில் எழுதிய பாட்டுகள் 1975-இலும், கிறித்தவ நம்பிக்கையைத் தழுவிய காலப் பாட்டுகள் 1979 முதலும் வந்தன. எண்பதுகளில் அவர் தடுமாறியதை அவருடைய அன்பர்களே ஒப்புக்கொள்வார்கள்.

1988 ஜூனில் அவர் தொடங்கிய சுற்றுப்பயணம், நோயும் தொற்றுக்காலமும் இடைமறித்த போதும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அந்த மேடைகளில் தம் புகழ்பெற்ற பாட்டுகளின் மெட்டையும் வேகத்தையும் சில நேரம் வரிகளையும்கூட மாற்றிக்கொண்டே இருந்தார். பாட்டுப் பாதி முடிந்த பிறகுதான் இது எந்தப் பாட்டு என்றே பலருக்குத் தெரியும். இசைத்தட்டில் உள்ளபடி கேட்க வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் நாட்டுப்புறப் பாட்டு இப்படித்தான் வாழும். நேற்றுப் பாடியபடியே இன்றும் பாட வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. 1992-இலும் 1993-இலும் அவர் வெளியிட்ட இரண்டு தொகுப்புகளில் தம் பாட்டு ஒன்றுகூட இல்லாமல், வெறும் கிட்டாரோடு பழைய பாட்டுகளை மட்டுமே பாடியிருந்தார். அதன் பிறகு, 1997-இல் வந்த தொகுப்பு அவரை மீண்டும் உச்சத்தில் நிறுத்தியது. வறண்டுபோன எழுத்து பழைய ஊற்றுக்குத் திரும்பியதால்தான் மீண்டும் சுரந்தது என்று நான் நம்புகிறேன்.

2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ‘மாபெரும் அமெரிக்கப் பாடல் மரபுக்குள் புதிய கவித்துவ வெளிப்பாடுகளை உருவாக்கியதற்காக’ என்றது நோபல் குழு. மரபுக்குள் என்ற சொல் அதில் முக்கியம். விழாவுக்கு அவர் செல்லவில்லை. அவருக்காகப் பாடிய அமெரிக்கப் பாடகி பேட்டி ஸ்மித், தாய்–மகன் கேள்வி–பதில் பாட்டின் நடுவில் பதற்றத்தால் வரியைத் தவறவிட்டு, மன்னிப்புக் கேட்டு, மீண்டும் தொடங்கி முடித்தார். அடுத்த ஆண்டு அனுப்பிய உரையில், நாட்டுப்புறப் பாட்டின் பேச்சுமொழி தமக்கு முழுக்கக் கைவந்திருந்ததையும், பாட்டு என்பது படிப்பதற்கல்ல, பாடுவதற்கே என்பதையும் டிலன் வலியுறுத்தினார். 2020 டிசம்பரில் அறுநூறுக்கும் மேற்பட்ட தம் பாட்டுகளின் எழுத்துரிமையை யுனிவர்சல் நிறுவனத்துக்கு விற்றார். ஏலமேடையிலிருந்து தப்பியவர்கள் பெயரில்லாமல் விட்டுச்சென்ற மெட்டில் பிறந்த பாட்டும் அவற்றில் ஒன்று. இதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இங்கே மீண்டும் வந்து நம்மைப் பார்க்கிறது.

இந்தியாவில் இந்த வழி வெறுமனே பின்பற்றப்படவில்லை. அவரவர் மண்ணுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. கொல்கத்தாவில் 1975-இல் உருவான மொஹீனேர் கோராகுலி குழு பாவுல் இசையையும் ராக் இசையையும் இணைத்தது. ஷில்லாங்கில் லூ மஜாவ் என்ற பாடகர் 1972 முதல் ஒவ்வொரு மே 24 அன்றும் டிலனுக்கு விழா எடுத்துவருகிறார். சென்னையில் 2018-இல் அரங்கேறிய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராக் இசையையும் சேர்த்து, சாதிக்கு எதிரான தம் வரிகளைப் பாடியது. நம் கடற்கரையில் யாரேனும் அம்பா மெட்டில் தம் சொந்த வரிகளை, எல்லைதாண்டிப் பிடிபட்ட படகைப் பற்றியோ பாசி எடுக்கும் பெண்களின் உழைப்பைப் பற்றியோ எழுதிப் பாட நினைத்தால், தயங்க வேண்டியதில்லை. அந்த மெட்டை எந்த ஊரில், யார் பாடக் கேட்டோம் என்பதையும் பாட்டோடு சேர்த்துப் பதிவுசெய்வது நல்லது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு ஓர் ஒழுங்கைப் பரிந்துரைக்கிறேன். புகழ்பெற்ற தொகுப்புகளில் தொடங்காமல், முதலில் அந்த ஏலமேடைப் பாட்டை, கறுப்பினப் பாடகி ஒடெட்டாவின் குரலில் கேளுங்கள். உடனே டிலனின் ‘புளோயிங் இன் தி விண்ட்’ பாட்டைக் கேட்டால் மெட்டின் உறவு காதிலேயே புலப்படும். பிறகு ஹேட்டி கேரல் பாட்டை, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, பல்லவி மாறும் இடம் வரை பொறுமையாகக் கேளுங்கள். ஆங்கிலம் முழுவதும் பிடிபடவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். இரண்டாம் முறை கேட்கும்போது கதை தெளிந்துவிடும். மான்செஸ்டர் பதிவை இவற்றுக்குப் பிறகு வைத்துக்கொண்டு, முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒரே அமர்வில் கேளுங்கள்.